பெரிய மீன்தொட்டி: முதலில் வாங்க வேண்டியது மீன் அன்று



தமிழ்ப்பள்ளிகளை அழகுபடுத்தும் முயற்சிகளில் மீன்தொட்டிக்குத் தனியிடம் உண்டு. பெற்றோர் ஆசிரியர் சங்கம் நன்கொடை திரட்டுகிறது. ஆறடி நீளக் கண்ணாடித் தொட்டி பள்ளி மண்டபத்தில் வந்து இறங்குகிறது. விளக்கு, வண்ணக் கற்கள், மீன்கள் எல்லாம் அன்றே வந்து சேர்கின்றன. மாணவர்கள் கூடி நின்று கைதட்டுகின்றனர். சில மாதங்களில் நீர் கலங்குகிறது. மீன்கள் ஒவ்வொன்றாக மிதக்கின்றன. இறுதியில் அத்தொட்டி பழைய கோப்புகளை அடுக்கி வைக்கும் பெட்டியாகிவிடுகிறது. ஈப்போ வட்டாரத்தில் இவ்வாறு முடிந்த தொட்டிகளை நான் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் கண்டிருக்கிறேன். எந்தப் பள்ளி என்பது இங்குத் தேவையில்லை. யாரையும் குறை கூறுவது என் நோக்கமன்று.

இதனால் ஏற்படும் இழப்பு பணம் மட்டுமன்று. மீன் இறந்தால் அதை எடுத்து எறிந்துவிட்டு வேறொன்று வாங்கலாம் என்னும் பாடத்தையும் நாம் பிள்ளைகளுக்குக் கற்பித்து விடுகிறோம். ஓர் உயிரை வளர்க்கக் கொண்டு வந்தோம். காரணம் கூடத் தேடாமல் அதைச் சாக விட்டோம். ஏழு வயதுப் பிள்ளை இதைப் பார்த்துக் கொண்டுதான் இருக்கிறது.

ஆகவே இப்பதிவில் என் கருத்தை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். தொட்டிக்கென ஒதுக்கும் பணத்திலும் சிந்தனையிலும் பாதியேனும் வடிகட்டிக்கும், அடியில் பரப்பும் மணலுக்கும் செல்ல வேண்டும். அவ்விரண்டையும் கடைக்காரரின் சொல்லுக்காகவோ, பார்வைக்கு அழகாக இருப்பதற்காகவோ தேர்ந்தெடுக்கக் கூடாது. மாணவர்களே திறந்து பார்த்து, புரிந்துகொண்டு, கழுவக் கூடியவற்றையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஆறடித் தொட்டி என்றால் என்ன?

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் கொண்ட தொட்டியின் கொள்ளளவு 24 கன அடி; அதாவது ஏறத்தாழ 680 லிட்டர். மேலே சற்று இடம் விட்டு, மணலின் இடத்தையும் கழித்தால் 600 லிட்டர் நீர் நிற்கும். நீரின் எடை மட்டுமே 600 கிலோ. கண்ணாடி, மணல், இரும்புத் தாங்கி ஆகியவற்றையும் சேர்த்தால் முக்கால் டன்னைத் தாண்டிவிடும். எனவே தொட்டியைத் தரைத்தளத்தில், சமமான சிமெண்டுத் தரையின் மீதே வைக்க வேண்டும். மாடி வகுப்பறை இதற்கு ஏற்ற இடமன்று.

பெரிய தொட்டியில் ஒரு நன்மையும் உண்டு. நீர் மிகுதியாக இருப்பதால் கழிவின் அடர்த்தி மெல்லவே கூடும். வெப்பநிலையும் சட்டென்று மாறாது. கண்ணாடிக் குவளையில் தங்கமீன் வளர்ப்பதைவிட ஆறடித் தொட்டியைப் பராமரிப்பது உண்மையில் எளிது. ஆனால் வடிகட்டி சரியாக அமைந்தால்தான் அந்த எளிமை கிட்டும்.

வடிகட்டியின் உண்மையான வேலை

வடிகட்டி என்றதும் தேநீர் வடிகட்டியைப் போல் தூசியைப் பிடிக்கும் கருவி என்றே பலரும் எண்ணுகின்றனர். அஃது அதன் சிறிய வேலை. பெரிய வேலை கண்ணுக்குத் தெரியாதது.

மீனின் செவுள்களிலிருந்தும் கழிவிலிருந்தும், தின்னாமல் மிஞ்சிய உணவிலிருந்தும் அமோனியா உண்டாகிறது. அது மீனுக்கு நஞ்சு. வடிகட்டியில் வாழும் ஒருவகை நுண்ணுயிர்கள் அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சுதான். வேறு சில நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரேட்டின் தீங்கு மிகக் குறைவு. வாரந்தோறும் ஒரு பகுதி நீரை மாற்றினால் அது கட்டுக்குள் இருக்கும். நீர் தொடர்ந்து ஓடி, உயிர்வளியும் போதிய அளவு கிடைத்தால்தான் இந்நுண்ணுயிர்கள் உயிர் வாழும். புதிய தொட்டியில் இவை போதுமான அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகலாம்.

இப்போது ஓர் உண்மை விளங்கும். திறப்பு விழா நாளன்றே ஐம்பது மீன்களை விடுவது, சமையலறையே இல்லாத விடுதியில் ஐம்பது மாணவர்களைக் குடியேற்றுவதற்கு ஒப்பானது.

'பண்டாராயா மீன்' ஒன்றை விட்டால் தொட்டி தானாகவே சுத்தமாகிவிடும் என்று சிலர் கூறுவர். நகராண்மைக் கழகத்தின் பெயரைத் தாங்கிய அந்த மீன் கண்ணாடியில் படியும் பாசியைச் சுரண்டும், அவ்வளவே. மற்ற மீன்களின் கழிவை அது தின்னாது. ஓரடிக்கு மேல் வளர்ந்து, தானே பெருங்கழிவை உண்டாக்கும். வளர்ந்த பின் அதை ஆற்றிலோ ஈய லம்பக் குட்டையிலோ விடுவது அங்குள்ள உள்நாட்டு மீன்களுக்கு இழைக்கும் தீங்கு.

எந்த வடிகட்டி?

கடைகளில் பலவகை வடிகட்டிகள் கிடைக்கின்றன. பள்ளிக்கென வாங்கும்போது நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும். மாணவர்கள் அதைத் திறக்க முடியுமா? மின்சாரம் தடைப்பட்டால் என்ன நேரும்? விடுமுறையில் யார் கவனிப்பார்? பழுதுபட்டால் உதிரிப்பொருள் பக்கத்துக் கடையில் கிடைக்குமா?

முதலாவது, கற்களுக்கு அடியில் பதிக்கும் தட்டு வடிகட்டி. விலை குறைவு. பரப்பிய கற்களே நுண்ணுயிர்களின் வீடாக அமையும். ஆனால் கழிவு தட்டின் அடியில் சேர்ந்துகொண்டே போகும். அதை முழுமையாகச் சுத்தம் செய்ய வேண்டுமானால் தொட்டியையே கலைக்க வேண்டும். ஆறடித் தொட்டியைக் கலைக்க எந்தப் பள்ளியில் ஆள் இருக்கிறது?

இரண்டாவது, தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய உருளை வடிகட்டி. ஓசையின்றி இயங்கும், பார்வைக்கு நேர்த்தியானது, வீட்டு வரவேற்பறைக்கு மிகவும் ஏற்றது. ஆனால் விலை கூடியது. குழாய்களைக் கழற்றி மாட்டப் பெரியவர் ஒருவர் வேண்டும். பல மணி நேரம் மின்சாரம் இல்லையெனில் மூடிய உருளைக்குள் உயிர்வளி தீர்ந்து நுண்ணுயிர்கள் மடியத் தொடங்கும்; மின்சாரம் திரும்பியதும் அந்தக் கெட்ட நீர் தொட்டிக்குள் பாயும்.

மூன்றாவது, தொட்டியின் கீழே மற்றொரு தொட்டியை அமைத்து நீரை இறக்கி ஏற்றும் முறை. இதன் திறன் மிக உயர்ந்தது. ஆயினும் கண்ணாடியில் துளையிட வேண்டும்; கீழ்த்தொட்டியின் கொள்ளளவைச் சரியாகக் கணக்கிட வேண்டும். கணக்குத் தவறினால் மின்தடையின்போது மேலிருந்து வடியும் நீர் மண்டபத் தரைக்கு வந்துவிடும்.

நான்காவது, தொட்டியின் மேல் விளிம்பில் அமரும் பெட்டி வடிகட்டி. சிறிய பம்பு நீரை மேலே ஏற்றும். நீர் முதலில் பஞ்சின் வழியாகவும், பின்னர் பீங்கான் வளையங்களின் வழியாகவும் வடிந்து, மழைபோல் மீண்டும் தொட்டியில் விழும். மூடியைத் தூக்கினால் எல்லாம் கண்ணெதிரே தெரியும். மின்சாரம் நின்றால் நீர் தொட்டிக்கே திரும்பும். வளையங்கள் ஈரத்துடன் காற்றோட்டத்தில் இருப்பதால் நுண்ணுயிர்கள் மூடிய உருளையில் இருப்பதைவிட நெடுநேரம் தாக்குப்பிடிக்கும். பஞ்சு அடைபட்டால் நீர் வெளியே வழியக்கூடும் என்பது இதன் குறை. எனவே மிகை நீர் தொட்டிக்குள்ளேயே விழும்படி வழிவு வாய் உள்ள பெட்டியாகப் பார்த்து வாங்க வேண்டும்.

ஐந்தாவது, காற்றுப் பம்பினால் இயங்கும் பஞ்சு வடிகட்டி. மிக மலிவானது, கெட்டுப் போகும் உறுப்பு ஏதும் அதில் இல்லை.

பள்ளிக்கு என் பரிந்துரை நான்காவதும் ஐந்தாவதும் சேர்ந்த அமைப்பு. மேலே ஒரு நீண்ட பெட்டி. உள்ளே இரண்டு மூலைகளிலும் பெரிய பஞ்சு வடிகட்டிகள். ஒன்று பழுதானால் மற்றொன்று மீன்களைக் காக்கும். மின்கலத்தால் இயங்கும் சிறு காற்றுப் பம்பு ஒன்றையும் கைவசம் வைத்திருந்தால் மின்தடைக்கு அஞ்ச வேண்டியதில்லை. சிலிபின் போன்ற தொழிற்பேட்டை உள்ள வட்டாரத்தில் பிளாஸ்டிக் குழாய்க்கும் பெட்டிக்கும் அலைய வேண்டியதுமில்லை. கைவேலை தெரிந்த தந்தையர் இருவர் ஒரு சனிக்கிழமையைத் தந்தால் பெட்டி வடிகட்டியைச் செய்தே முடித்துவிடலாம்.

பம்பின் வேகம் தொட்டி நீரை மணிக்கு நான்கு அல்லது ஐந்து முறை சுற்றிவரச் செய்ய வேண்டும். 600 லிட்டருக்கு 2,400 முதல் 3,000 லிட்டர் வரை. அட்டைப்பெட்டியில் அச்சிட்ட எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். நீரை மேலே ஏற்றும்போது வேகம் குறையும். பத்து லிட்டர் வாளியை வடிகட்டியின் வாயில் பிடித்து மணி பாருங்கள். 15 விநாடியில் நிறைந்தால் மணிக்கு 2,400 லிட்டர். ஐந்தாம் ஆண்டு மாணவருக்கு இதைவிட நல்ல கணிதப் பயிற்சி உண்டா? 40 வாட் பம்பு இரவும் பகலும் ஓடினால் மாதத்திற்கு ஏறக்குறைய 29 யூனிட் மின்சாரம் செலவாகும் என்பதையும் அவர்களே கணக்கிடட்டும்.

அடியில் எதைப் பரப்புவது?

இங்குதான் ஈப்போவில் வாழும் நாம் மிகுந்த கவனம் கொள்ள வேண்டும். கிந்தா பள்ளத்தாக்கு சுண்ணாம்புக் கல் பூமி. கல்லுமலை முருகன் கோயில் கொண்டிருக்கும் குன்றும், குகைக் கோயில்களைத் தாங்கி நிற்கும் குன்றுகளும் சுண்ணாம்புக் கல்லே. நம் ஊர் சலவைக்கல்லுக்கும் பெயர் பெற்றது. அதனால் வெள்ளை வெளேரென்ற மார்பிள் துண்டுகள் இங்கு எளிதாகக் கிடைக்கின்றன. நன்கொடையாகவே ஒரு மூட்டை தருவோரும் உண்டு. தோட்டப் பாதைக்கு அவை அழகு. மீன்தொட்டிக்கு அவை ஏற்றவையல்ல.

காரணம் இதுதான். மார்பிள், சுண்ணாம்புக் கல், பவளக் கல் ஆகிய மூன்றும் கால்சியம் கார்பனேட்டால் ஆனவை. இவை நீரில் மெல்லக் கரைந்து அதன் கடினத்தன்மையைக் கூட்டும்; பி.எச். அளவை 8 வரை ஏற்றிவிடும். நம் காட்டோடைகளில் வாழும் ரஸ்போரா போன்ற சிறு மீன்கள் மென்மையான, சற்றே அமிலத்தன்மை கொண்ட நீருக்குப் பழகியவை.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. அமோனியா நீரில் இரண்டு வடிவங்களில் இருக்கும். ஒன்று கொடிய நஞ்சு, மற்றொன்று அவ்வளவு தீங்கற்றது. 28 பாகை செல்சியஸ் வெப்பத்தில், பி.எச். 7 ஆக இருக்கும்போது நச்சு வடிவம் நூற்றில் ஒரு பங்கிற்கும் குறைவு. பி.எச். 8 ஆக உயர்ந்தால் அது நூற்றில் ஆறு பங்கைத் தாண்டும். அதாவது கழிவின் அளவு மாறாமலேயே நஞ்சு ஏறக்குறைய பத்து மடங்காகிறது. புதிய தொட்டி, முதிராத வடிகட்டி, அடியில் மார்பிள் என்ற மூன்றும் ஒன்று சேர்ந்தால் மீன்கள் ஏன் மடிகின்றன என்பது இப்போது தெளிவாகும். வடிகட்டியையும் அடிமணலையும் தனித்தனியே முடிவு செய்யக் கூடாது என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

கல் எப்படிப்பட்டது என்பதை அறிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. கழுவி உலர்த்திய கல்லின் மீது சில துளி வினிகர் விடுங்கள். நுரைத்துக் குமிழி எழுந்தால் அது கார்பனேட் கல், தொட்டிக்கு வேண்டா. குமிழி எழாவிட்டாலும் மற்றொரு சோதனை செய்யலாம். கல்லை ஒரு வாளி நீரில் ஒரு வாரம் ஊறவைத்து, முன்னும் பின்னும் பி.எச். அளவைச் சோதித்துப் பார்க்கலாம். மாணவர்கள் இதனை ஆர்வத்துடன் செய்வார்கள்.

ஒரு விலக்கையும் கூற வேண்டும். நுண்ணுயிர்கள் அமோனியாவை மாற்றும்போது சிறிது அமிலம் உண்டாகிறது. நீர் மிகவும் மென்மையாக இருந்தால் நாளடைவில் பி.எச். மிகவும் தாழ்ந்துவிடலாம். அப்போது வலைப்பையில் ஒரு கைப்பிடிப் பவளக் கல்லை இட்டு வடிகட்டிப் பெட்டியில் வைக்கலாம். மிகுதியானால் எடுத்துவிடலாம். தரையில் ஒரு மூட்டையைக் கொட்டிவிட்டால் எடுக்க முடியாது. வேறுபாடு அவ்வளவுதான்.

அப்படியானால் எதைப் பரப்புவது? கழுவிய சிலிக்கா மணலே என் தேர்வு. ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் பருமன் போதும். அது நீருடன் வினைபுரியாது. உருண்டையான மணிகள் மீனின் வாயைக் கிழிக்காது. கழிவு மேலேயே தங்குவதால் குழாய் வைத்து உறிஞ்சி எடுக்கலாம். மூன்று சென்டிமீட்டர் ஆழம் போதுமானது. ஆறடித் தொட்டிக்கு ஏறத்தாழ 50 கிலோ மணல் தேவைப்படும். அழகுக்காக எட்டுச் சென்டிமீட்டர் பரப்பினால் 130 கிலோவைத் தாண்டும். எடையும் கூடும், அடியில் காற்றுப் புகாமல் அழுகலும் சேரும்.

"நம்மைச் சுற்றிலும் ஈய லம்ப மணல்தானே? அதையே அள்ளி வரலாமே!" என்று நண்பர் சிலர் கேட்கக் கூடும். 1985ஆம் ஆண்டு உலகச் சந்தையில் ஈய விலை சரிந்த பின் கைவிடப்பட்ட குட்டைகளும் மணல் மேடுகளும் இங்கு ஏராளம். அம்மணலில் பெரும்பகுதி சிலிக்கா என்பதும் உண்மை. ஆயினும் வேண்டா என்பேன். ஈயம் பிரித்த எச்சத்தில் மோனசைட் முதலிய கனிமங்களும் கலந்திருக்கலாம். மோனசைட்டில் கதிரியக்கமுள்ள தோரியம் உண்டு. லாஹாட்டுக்கு அருகிலுள்ள புக்கிட் மேராவில் 1982இல் இயங்கத் தொடங்கி, மக்களின் நெடிய போராட்டத்திற்குப் பின் 1994இல் மூடப்பட்ட அரிய மண் ஆலை பயன்படுத்தியது இத்தகைய எச்சத்தைத்தான். தவிர, லம்பக் குட்டைகளின் கரை சரியக் கூடியது. மணல் அள்ள என்று மாணவர்களை அங்கு அழைத்துச் செல்வது கூடவே கூடாது. கடையில் விற்கும் கழுவிய மணலை வாங்குங்கள். மீண்டும் நாமே நீர் தெளியும் வரை கழுவுவோம்.

சிலர் மணலே வேண்டாம், வெறுங்கண்ணாடி போதும் என்பர். மீன் பண்ணைகள் பலவற்றில் அப்படித்தான் செய்கின்றனர், அது தவறன்று. சுத்தம் செய்ய மிக எளிது. ஆட்பலம் குறைந்த பள்ளிக்கு நான் அதையே சொல்வேன். ஆனால் மணலைக் கிளறி உணவு தேடும் மீனின் இயல்பையும், வேரூன்றி வளரும் நீர்த்தாவரத்தையும் பிள்ளைகள் காண வேண்டுமானால் மெல்லிய மணற்படுகை தேவை.

பராமரிப்பு யார் பொறுப்பு?

"இவ்வளவு தொல்லை எதற்கு? மாதந்தோறும் ஆளை அமர்த்திச் சுத்தம் செய்துவிடலாமே" என்னும் வாதத்தையும் நான் மதிக்கிறேன். ஆசிரியர்களின் வேலைப்பளு எனக்குத் தெரியாததன்று. ஆயினும் பணம் கொடுத்துப் பராமரிக்கும் தொட்டி அலங்காரப் பொருளாகவே நின்றுவிடும். தோட்டங்களில் வாழ்ந்த தலைமுறையினர் வாய்க்காலில் செபாட் மீனையும் கெளுத்தியையும் பார்த்தே வளர்ந்தனர். இன்று அடுக்குமாடியிலும் வரிசை வீட்டிலும் வளரும் நம் பிள்ளைகள் உயிருள்ள மீனை நாள்தோறும் கவனிக்கும் இடம் பள்ளித் தொட்டியாகத்தான் இருக்கலாம். அதையும் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பதோடு முடித்துவிட வேண்டுமா?

செய்ய வேண்டியவை மிகச் சிலவே.

முதல் ஆறு வாரம் மீன் விட வேண்டாம். வடிகட்டியை ஓடவிட்டு, நாள்தோறும் ஒரு சிட்டிகை மீன் உணவு போடுங்கள். நன்கு ஓடும் தொட்டியிலிருந்து பழைய பஞ்சு ஒன்று கிடைத்தால் இன்னும் விரைவாகும். சோதனைத் துளி மருந்தில் அமோனியாவும் நைட்ரைட்டும் சுழியம் என்று காட்டிய பின், சிறு மீன்களைச் சிறிது சிறிதாக விடுங்கள்.

வாரந்தோறும் கால்பங்கு நீரை மாற்றுங்கள். 600 லிட்டரில் 150 லிட்டர், பதினைந்து வாளி. குழாய் நீரில் குளோரின் நீக்கி மருந்தைக் கலந்த பிறகே ஊற்ற வேண்டும்.

வடிகட்டியின் பஞ்சையும் வளையங்களையும் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலச வேண்டும். குழாய் நீரிலுள்ள குளோரின் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். பஞ்சையும் வளையங்களையும் ஒரே நாளில் கழுவக் கூடாது. கையை உள்ளே விடும் முன் மின்விசையை அணைக்க வேண்டும். அணைப்பது ஆசிரியரின் வேலை.

இன்னொன்று. விடுமுறை தொடங்கும் நாளில் பள்ளியின் மின்சாரத்தை மொத்தமாக அணைக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. தொட்டிக்கென்று தனி மின் இணைப்பு வைத்து, 'அணைக்காதீர், உயிர்கள் உள்ளன' என்று மலாயிலும் தமிழிலும் எழுதி ஒட்டுங்கள். ஆண்டிறுதி விடுமுறைக்குப் பொறுப்பாளர் யார் என்பதைத் தொட்டி வாங்கும் கூட்டத்திலேயே தீர்மானமாகப் பதிவு செய்யுங்கள். பெயர் கொடுக்க யாரும் முன்வராவிட்டால், அந்த ஆண்டு தொட்டி வாங்க வேண்டா. இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை.

அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் யாரேனும் மீன்தொட்டியைப் பற்றிப் பேசினால், "என்ன மீன்?" என்று கேட்காதீர்கள். "வடிகட்டியை யார் கழுவுவார்? அடியில் என்ன மணல்?" என்று கேளுங்கள். இவ்விரு கேள்விக்கும் விடை கிடைத்த பள்ளியில் மீன்கள் வாழும். நம் பிள்ளைகளும் உயிரைப் பேணக் கற்றுக் கொள்வார்கள்.

உங்கள் பள்ளியின் அனுபவங்களையும் மாற்றுக் கருத்துகளையும் அறிய ஆவலாக உள்ளேன்.